பூசைக்கு ஒரு வரிசை, ஓட்டுக்கு ஒரு வரிசை

கோயம்புத்தூரிலிருந்து ஈரோட்டுக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? நீலாம்பூர், அரசூர், கணியூர் தாண்டினால் கருமத்தம்பட்டி. சில வருடங்களுக்கு முன்னால் அந்த வழியில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து ஸீட்டில் ஒரு பெரியவர். மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வெள்ளை வேட்டி, தோளில் ஒரு துண்டு, மடியில் மஞ்சள் பை. கருமத்தம்பட்டி நெருங்கியதும் சட்டென்று நெற்றியில், நெஞ்சில், இரண்டு தோளில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, நீங்க கிறிஸ்தவங்களா?" என்று கேட்டேன். அது தேர்தல் நேரம். ஜன்னல் வழியே சுவரெல்லாம் சின்னங்கள். பேச்சு தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

"ஆமாங்க தம்பி, நாலு தலைமுறையா. ஆனா ஒண்ணு சொல்றனுங்க, தப்பா நினைக்காதீங்க. எங்க அய்யன் மொத மொதல்ல மனுசனா நின்னது மாதா கோயில்ல இல்லீங்க. ஓட்டுப் பெட்டிக்கு முன்னாலதான்."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

1952 தேர்தல். அவருக்கு அப்போது பத்து வயது இருக்கும். ஊரில் வாக்குச்சாவடி, கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில். அவருடைய அய்யன் பண்ணையத்து ஆள். வரிசையில் அய்யனுக்கு முன்னால் நின்றவர் பண்ணையக்காரர். பின்னால் நின்றது பண்ணையக்காரரின் மகன். யாரும் யாரையும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. சொல்ல முடியாது, போலீஸ் நிற்கிறது!

"அது வெசாழக்கெழமையோ வெள்ளிக்கெழமையோ தெரியலீங்க. வந்த ஞாயித்துக்கெழமை அதே காம்பவுண்டுக்குள்ள பூசை. அதே பண்ணையக்காரர் முன்னால. நாங்க தூணுக்குப் பின்னால. அம்பது அடி தூரமுங்க தம்பி, அந்த பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும். அம்பது அடியில சட்டம் மாறிப் போச்சு."

இந்த ஐம்பது அடியைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேசப்போகிறேன்.

* * *

'மதம் அரசியல் பேசலாமா?' என்று நம்மூரில் அடிக்கடி ஒரு பட்டிமன்றம் நடக்கும். கத்தோலிக்க சபை விஷயத்தில் இந்தக் கேள்வி இன்னும் சூடு. ஏனென்றால் அது வெறும் நம்பிக்கை மட்டுமில்லை. ரோமில் தலைமை, மறைமாவட்டத்துக்கு ஓர் ஆயர், ஊருக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஒரு பள்ளிக்கூடம் என்று அடிமட்டம் வரை கிளை பரப்பிய அமைப்பு. நம்முடைய பெரிய கட்சிகளே பொறாமைப்படும். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஆயர் இல்லத்துக்கு சால்வையோடு போவது சும்மாவா?

இந்த அமைப்பு ஜனநாயகத்துக்கு நண்பனா, விரோதியா? சரித்திரத்தைக் கேட்டால் இரண்டுக்கும் சாட்சி சொல்லும்.

1864-ல் ஒன்பதாம் பயஸ் என்ற போப்பாண்டவர், அந்தக் காலத்தின் 'பிழைகள்' என்று ஒரு பெரிய பட்டியல் போட்டார். அவரவர் விரும்பிய மதத்தைப் பின்பற்றும் சுதந்திரம், அரசும் சபையும் தனித்தனியாக இருப்பது... எல்லாம் அந்தப் பட்டியலில் பிழைகள். சரியாக 101 வருடம் கழித்து, 1965-ல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'மதச் சுதந்திரம் மனிதனின் உரிமை' என்று அறிக்கை போட்டது. நடுவில் 1891-ல் பதின்மூன்றாம் லியோ, தொழிலாளிக்கு நியாயமான கூலி வேண்டும், சங்கம் வைத்துக்கொள்ள உரிமை வேண்டும் என்று எழுதியிருந்தார். மாறாத சபை என்று பேர் எடுத்த ஒன்று இந்த அளவுக்கு மாறியது என்றால் சின்ன விஷயமில்லை.

அதற்குப் பலனும் இருந்தது. 1974-லிருந்து 1989 வரை சர்வாதிகாரத்திலிருந்து ஜனநாயகத்துக்கு வந்த நாடுகளில் ஏறக்குறைய முக்கால்வாசி கத்தோலிக்க நாடுகள் என்று சாமுவேல் ஹண்டிங்டன் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் கணக்குப் பார்த்துச் சொன்னார். பிலிப்பைன்ஸில் 1986 பிப்ரவரியில், ரேடியோ வெரித்தாஸ் வானொலியில் கர்தினால் சின் 'வீதிக்கு வாருங்கள்' என்று அழைத்தார். ராணுவ டாங்கிகளுக்கு முன்னால் கன்னியாஸ்திரீகள் ஜெபமாலையோடு முட்டி போட்டார்கள். மார்க்கோஸ் நாட்டை விட்டு ஓடினார். சிலியில் பினோசெட் ஆட்சியில் காணாமல் போனவர்களின் பெயர்களை எழுதி வைத்துப் பாதுகாத்தது சாந்தியாகோ மறைமாவட்டத்தின் ஓர் அலுவலகம்.

'அடேயப்பா' என்று உடனே கை தட்டிவிடாதீர்கள். ஸ்பெயினில் ஃபிராங்கோவுக்குக் குடை பிடித்ததும் இதே சபைதான். அர்ஜென்டினாவில் 1976-லிருந்து ராணுவ ஆட்சி ஆட்களைக் கடத்திக் கொன்றபோது, பெரும்பாலான ஆயர்கள் வாய் திறக்கவில்லை.

அவ்வளவு தூரம் எதற்கு? பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கேரளா. 1957-ல் மக்கள் ஓட்டுப் போட்டு இ.எம்.எஸ். அரசு வந்தது. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசே நேரடியாகச் சம்பளம் தரும், ஆசிரியர் நியமனத்திலும் அரசுக்குப் பங்கு இருக்கும் என்று ஒரு கல்வி மசோதா கொண்டுவந்தது. கத்தோலிக்க சபை கொதித்தது. நாயர் சங்கமும் காங்கிரஸும் முஸ்லிம் லீக்கும் கைகோத்து 'விமோசன சமரம்' நடந்தது. 1959 ஜூலை 31-ம் தேதி, தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த அரசு கலைக்கப்பட்டது.

மணிலாவிலும் தெருவுக்கு வந்தார்கள், திருவனந்தபுரத்திலும் தெருவுக்கு வந்தார்கள். இரண்டு இடத்திலும் ஜெபம், இரண்டு இடத்திலும் கூட்டம். வித்தியாசம் எங்கே? என்னுடைய அளவுகோல் ரொம்ப சாதாரணம். சபை யாருக்காகத் தெருவுக்கு வந்தது என்று பாருங்கள். மணிலாவில் ஓட்டைத் திருடு கொடுத்த ஜனங்களுக்காக. கேரளத்தில், வேறு பயங்களும் நியாயங்களும் இருந்திருக்கலாம், ஆனால் முதல் காரணம் தன்னுடைய பள்ளிக்கூடங்களின் மீதிருந்த தன்னுடைய பிடி. தன் சாவிக்கொத்துக்காகப் போராடுவது தப்பில்லை. அதற்கு 'விடுதலை' என்று பேர் வைப்பதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

* * *

இப்போது கருமத்தம்பட்டிக்கே திரும்புவோம்.

1846 அக்டோபர் 4-ம் தேதி, இந்த ஊரில், 32 வயது பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஆயராக அபிஷேகம் பெற்றார். பெயர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக். கோவைப் பகுதிக்கு முதல் ஆயர். தோளில் கனமான அங்கி, நெஞ்சில் இரண்டு பாரம்.

முதல் பாரம்: இந்த மண்ணின் சபையை இந்த மண்ணின் ஆட்களே நடத்த வேண்டும், உள்ளூர் இளைஞர்களைப் படிக்க வைத்துக் குருக்களாக்க வேண்டும் என்று நினைத்தார். கூட இருந்த வெள்ளைக்காரக் குருக்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. 'இவர்களாவது, நடத்துவதாவது!' யோசித்துப் பாருங்கள், காங்கிரஸ் கட்சி பிறப்பதற்கு நாற்பது வருடம் முன்னால் 'இவர்களால் தங்களைத் தாங்களே நடத்திக்கொள்ள முடியும்' என்று ஒரு வெள்ளைக்காரர் சொல்கிறார்.

இரண்டாவது பாரம்: சாதி. தமிழ்நாட்டில் மதம் மாறியவர்கள் பழைய வழக்கங்களில் எதையெல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்று பல காலமாக ரோமில் வழக்கு. 'மலபார் சடங்குகள்' என்று அதற்குப் பெயர். 1744-ல் போப்பாண்டவர் ஒரு தீர்ப்பு கொடுத்தார். இங்கே வரும் ஒவ்வொரு மிஷனரியும் அதைக் கடைப்பிடிப்பேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். சத்தியம் செய்தார்கள். ஆனால் ஊருக்குள் நடந்தது வேறு. சாதி கோயிலுக்குள்ளே உட்கார்ந்திருந்தது. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை.

பிரெசியாக் பெரியாரில்லை. சாதியை வேரோடு பிடுங்கப் புறப்பட்டவர் என்று அவருக்கு இல்லாத பட்டம் கொடுக்க மாட்டேன். அவருடைய பிரச்னை மனசாட்சி. 'செய்த சத்தியம் ஒன்று, சகித்துக்கொள்வது ஒன்று. இதில் நான் எப்படி ஆயராக இருப்பது?' ரோமிடம் தெளிவு கேட்டார். திருப்தியான பதில் வரவில்லை. ராஜினாமா செய்தார், 1855-ல் ரோம் ஏற்றுக்கொண்டது. அடுத்த வருடமே ஆப்பிரிக்காவுக்காக ஒரு மிஷனரி சங்கத்தை ஆரம்பித்தார். 1859-ல் சியரா லியோனின் ஃபிரீடவுனில் இறங்கிய ஆறாவது வாரம் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். வயது 45.

பதவியைத் துறந்தது சரியா? இருந்து போராடியிருக்க வேண்டாமா? நீங்களும் நானும் டீ குடித்துக்கொண்டே சுலபமாகக் கேட்கலாம். அவர் போனபிறகு இங்கே சாதி ஒரு அங்குலம்கூட நகரவில்லை என்பது உண்மை. ஆனால் இன்னொன்றும் உண்மை. அவர் காலத்தில், 1853-ல், இதே கோவையில் ரவேல் என்ற குருவால் ஒரு கன்னியர் சபை தொடங்கியது. உள்ளூர்ப் பெண்கள். பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது அவர்கள் வேலை. பொம்பிளைக்கு எழுத்து எதற்கு என்று ஊரே கேட்ட காலம். சமூக மாற்றம் என்றதும் நமக்கு ஊர்வலமும் மைக்கும் ஞாபகம் வருகிறது. ஒரு சிறுமி சிலேட்டில் தன் பெயரை எழுதுவதும் அதுதான். நாளைக்கு வாக்குச்சீட்டில் இருக்கும் பெயரை யார் துணையும் இல்லாமல் படிக்கப்போவது அவள்தானே?

* * *

சாதிக்கு வருவோம். அங்கேதான் வலிக்கிறது.

திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கம் என்று கோயிலையே இரண்டு காலாகக் கட்டினார்கள். நடுவில் இருந்த சுவரை 1910-ல் கௌசானல் என்ற குரு இடித்தார். சரி, முடிந்தது கதை என்று நினைத்தால், 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் சமமான இடம் கேட்டதற்கு அதே கோயில்காரர்களான மற்ற சாதியினர் வீடு புகுந்து அடித்தார்கள். போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு உயிர் போனது. இரண்டு தரப்பும் ஒரே ஜெபமாலை உருட்டுகிறவர்கள். 2003-ல் தமிழக ஆயர்கள் ரோமுக்குப் போனபோது, இரண்டாம் ஜான் பால் போப்பாண்டவரே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்து அனுப்பியிருந்தார். ஐந்து வருடத்தில் இது.

இதற்கு நடுவே ஒரு விசித்திரமான வழக்கு. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். பக்கத்தில் செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாக பங்க் கடை கொடுத்தது. இவருக்கு இல்லை. காரணம், 1950-ல் போட்ட குடியரசுத் தலைவர் ஆணை. இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. பிறகு 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் இல்லை, முஸ்லிம் இல்லை. சூசை சுப்ரீம் கோர்ட் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று ஆதாரம் காட்டு என்று சொல்லி 1985-ல் வழக்கைத் தள்ளிவிட்டது கோர்ட்.

வேடிக்கையைப் பாருங்கள். 'உங்கள் மதத்தில் சாதி இல்லையே' என்கிறது அரசாங்கம். 'இருக்கிறது ஐயா, எங்களிடமும் இருக்கிறது, சலுகை கொடுங்கள்' என்கிறார்கள் டெல்லிக்குப் போன ஆயர்கள். எந்த மதத் தலைவராவது தன் மதத்தைப் பற்றி இப்படி ஒரு வாக்குமூலம் கொடுத்து நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? 2016-ல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை என்று ஒன்றை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதையும், தலித்துகள் தலைமைக்கு வருவது அபூர்வமாக இருப்பதையும் எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றமும் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கேட்டுத் தீர்மானம் போட்டது.

'முதலில் உன் வீட்டைச் சுத்தம் பண்ணு, அப்புறம் அரசாங்கத்திடம் வா' என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. நியாயமாகத்தான் தோன்றும். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது நினைக்கவில்லை. ஏனென்றால் இதில் இரண்டு விஷயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சூசையின் உரிமை ஒன்று. ஆயரின் யோக்கியதை இன்னொன்று. கோயிலில் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்தவன் திருந்தும்வரை, உட்கார வைக்கப்பட்டவனுக்குக் கடை கிடையாது என்றால், அடித்தவன் செய்த தப்புக்கு அடிபட்டவனுக்கு அபராதம் போட்ட மாதிரி ஆகாதா? சூசையின் உரிமை யாருடைய மனமாற்றத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் ஆயரின் வாய்ச்சொல்லுக்கு உள்ள எடை? அது காத்திருக்கத்தான் வேண்டும். டெல்லியில் 'சமத்துவம் கொடு' என்று கேட்ட வாய், ஊர் திரும்பியதும் ஏதோ ஒரு பங்கில் தேர்த் திருவிழா வரி வாங்குவதில் சாதி பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மூடிக்கொண்டால், அந்த வாய்க்கு அடுத்த முறை யார் காது கொடுப்பார்கள்?

* * *

விலை கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். எல் சல்வடாரில் ஆயர் ரொமேரோ, ஏழைகளைச் சுடாதே என்று ராணுவத்தினருக்குச் சொன்னார். 1980 மார்ச் 24-ம் தேதி பூசை வைத்துக்கொண்டிருக்கும்போதே சுட்டுக் கொன்றார்கள். நம் திருச்சிப் பக்கத்துப் பிள்ளை ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நிலத்துக்காகவும், விசாரணைக் கைதிகளாகச் சிறையில் கிடந்த அவர்கள் பிள்ளைகளுக்காகவும் நின்ற இயேசு சபைக் குரு. 2020 அக்டோபரில் 83 வயதில் கைது. பார்க்கின்சன் நோயில் கை நடுங்கியது, தம்ளரைப் பிடிக்க முடியவில்லை, தண்ணீர் குடிக்க ஒரு உறிஞ்சுகுழல் வேண்டும் என்று கோர்ட்டில் மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5-ம் தேதி, ஜாமீன் வராமலே இறந்தார். அவர் மீதான குற்றச்சாட்டு கடைசி வரை விசாரித்து நிரூபிக்கப்படவில்லை.

அவர் யாரையும் மதம் மாற்றுவதற்காகச் சிறைக்குப் போகவில்லை. எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்கவில்லை. இந்திய அரசியல் சட்டத்தில் எழுதியிருப்பதைக் கொடு என்றார். ஒரு சாமியார் அரசியல் பேசலாமா என்று யாராவது கேட்டால், இப்படிப் பேசலாம் என்பேன்.

இடிந்தகரையில் கூடங்குளம் அணு உலையை எதிர்த்து 2011-லிருந்து நடந்த போராட்டத்தில் லூர்து மாதா கோயில் முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். அணு உலை வேண்டுமா வேண்டாமா என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் உட்கார இடமில்லாத மீனவப் பெண்களுக்கு உட்கார இடம் கொடுத்தது ஒரு கோயில். பந்தல் போட இடம் கொடுப்பதற்கும், இன்ன சின்னத்தில் குத்து என்று உத்தரவு கொடுப்பதற்கும் நிறைய தூரம் இருக்கிறது. முதலாவது ஜனநாயகத்தை வளர்க்கும். இரண்டாவது, நல்ல கட்சிக்காகவே சொன்னாலும், ஒரு பெரியவரின் அய்யன் 1952-ல் தன் கையால் பெட்டியில் போட்ட ஓட்டைப் பிடுங்கிக்கொள்ளும்.

* * *

பஸ் பெருந்துறை தாண்டிவிட்டது. "அப்புறம் எப்பத்தானுங்க கோயில்ல கலந்து உக்காந்தீங்க?" என்று கேட்டேன்.

"அறுவத்தெட்டோ ஒம்பதோ இருக்குமுங்க. புதுசா ஒரு இளவட்டச் சாமி வந்தாரு. 'எல்லாரும் கலந்து உக்காந்தாத்தான் பூசை. இல்லாட்டி இல்லை'ன்னுட்டாரு. மூணு வாரம் கோயில் சாத்தியே கெடந்துச்சு. அந்தப் பக்கத்து ஆளுக மேலிடத்துக்குப் பெட்டிசன் போட்டாங்க. நாலாவது வாரம் என்ன நெனச்சாங்களோ, வந்து உக்காந்துட்டாங்க."

"பரவாயில்லையே!"

"அடுத்த வருசமே அந்தச் சாமிய மாத்திப் போட்டாங்க, அது வேற கதை. ஆனா மறுக்கா யாரும் பிரிஞ்சு உக்காரலீங்க."

நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கல்லறை மட்டும் இன்னும் தனித்தனிதானுங்க. எங்க ஊட்டுக்காரி அந்தப் பக்கம்தான் கெடக்கறா. எனக்கும் எடம் அங்கதான். ஓட்டு லைன்ல எல்லாரோடயும் நின்னாச்சு. பூசையில எல்லாரோடயும் உக்காந்தாச்சு. படுக்கறதுக்குத்தான் இன்னும் எடம் வல்லீங்க."

ஈரோடு வந்தது. மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு, "வரனுங்க தம்பி" என்று இறங்கிப் போய்விட்டார்.

நீங்கள் எந்த மதமாகவும் இருக்கலாம், மதமே இல்லாதவராகவும் இருக்கலாம். இது கத்தோலிக்கர்களுக்கு மட்டும் எழுதிய கட்டுரை என்று நினைத்து நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இரட்டை டம்ளர் வைத்த டீக்கடைகள் எந்தப் பங்கிலும் பதிவு செய்தவை கிடையாது. அடுத்த தேர்தலில் வரிசையில் நிற்கும்போது ஒரு நிமிஷம் முன்னால் பாருங்கள், பின்னால் பாருங்கள். அங்கே நிற்கிற அந்த ஆளோடு வேறு எந்த இடத்தில் இப்படித் தோள் உரச நின்றிருக்கிறீர்கள்? உங்கள் கோயிலில்? உங்கள் கல்யாணப் பந்தியில்? உங்கள் சுடுகாட்டில்?

உங்கள் ஊரில் அது எத்தனை அடி என்று அளந்து பார்த்துச் சொல்லுங்கள்.